பிள்ளையைக் கேமரா முன் நிறுத்தும் முன்



"பிள்ளை இவ்வளவு அழகா பேசுதே, டிவியில போடலாமே!" கோயில் திருவிழாவிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் உறவினர் யாராவது இப்படிச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். சொன்னவருக்கு அது மறந்துவிடும். கேட்ட தாய்க்கு மறப்பதில்லை. சுங்கை சிப்புட்டிலும் தாப்பாவிலும் பீடோரிலும் இருக்கிற ஒரு குடும்பத்திற்கு அடுத்து எழுகிற கேள்வி ஒன்றுதான்: யாரைப் போய்ப் பார்ப்பது?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். அவர்களில் நல்லவர்களும் உண்டு, பிள்ளையின் முகத்தைவிடப் பெற்றோரின் பணப்பையைக் கவனிப்பவர்களும் உண்டு. ஆகவே யாரைப் பார்ப்பது என்பதற்கு முன் இன்னொன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளையை எதற்குள் அனுப்புகிறோம்? அது விளையாட்டா, போட்டியா, வேலையா?

அது வேலை. இன்றைய உரை முழுவதும் இந்த ஒரு சொல்லைச் சுற்றியே அமைகிறது.

பேராக்கிற்குப் புதிதல்ல

பிள்ளையை நடிக்க வைக்க ஆசைப்படுவது தவறு என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. பேராக் தமிழர்களுக்கு மேடை புதிதல்ல. பால்மரக் காடுகளில் லயங்கள் இருந்த காலத்தில், தோட்டத்துக் கோயில் திருவிழா என்றால் கூத்தோ நாடகமோ இல்லாமல் முடிந்ததில்லை. காமன் கூத்தும் அரிச்சந்திரன் கதையும் நல்லதங்காள் கதையும் விடிய விடிய நடந்த இடங்கள் அவை. பகலில் மரம் சீவியவர்தான் இரவில் அரிதாரம் பூசிக்கொண்டு ராஜாவாக நின்றார். அவருடைய பேரப் பிள்ளைக்கு நடிப்பு வருகிறது என்றால் அது எங்கிருந்தோ வந்ததல்ல.

ஈப்போ நகரமும் கேமராவுக்குப் பழகிய ஊர்தான். மறைந்த இயக்குநர் யாஸ்மின் அமாட் 2004-இல் வெளிவந்த 'செப்பெட்' படத்தையும் 2009-இல் வெளிவந்த 'டேலண்டைம்' படத்தையும் இங்கேதான் எடுத்தார். 'டேலண்டைம்' ஒரு பள்ளியின் திறமைப் போட்டியைப் பற்றிய கதை. காது கேளாத ஒரு தமிழ் மாணவன் அதில் முக்கியப் பாத்திரம். அந்த இயக்குநரின் நினைவாக ஈப்போ பழைய நகரில் 2014-இல் ஒரு காட்சிக்கூடமே திறக்கப்பட்டது. ஆங் லீ இயக்கி 2007-இல் வெளிவந்த 'லஸ்ட், காஷன்' படத்தின் காட்சிகளும் ஈப்போ தெருக்களில் எடுக்கப்பட்டவை.

தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்களின் கதையே படமாகியிருக்கிறது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 டிசம்பரில் வெளிவந்த 'ஜகாட்' படத்தின் மையத்தில் இருப்பவன் 12 வயதுப் பையன். தோட்டம் கைவிட்ட பிறகு ஊரோரத்தில் ஒதுங்கிய ஒரு குடும்பத்தை அந்தப் பையனின் கண் வழியாகவே படம் காட்டியது. 2016-இல் நடந்த மலேசியத் திரைப்பட விழாவில் அது சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வு பெற்றது. தமிழில் பேசும் ஒரு சிறுவனின் முகத்தை நம்பி எடுத்த படம் நாட்டின் சிறந்த படமாக முடிந்தது என்பது நம் பிள்ளைகளுக்குச் சிறிய செய்தி அல்ல.

ஆகவே வாசல் அடைக்கப்பட்டிருக்கவில்லை. உள்ளே போகும் முறைதான் பலருக்குத் தெரிவதில்லை.

மங்கு துடைத்த கைகள்

ஏன் இதை வேலை என்று சொல்ல வேண்டும்? நம் தாத்தா பாட்டிகளின் பிள்ளைப் பருவத்தை நினைத்துப் பார்த்தால் விளங்கும்.

தோட்டத்தில் பள்ளி விடுமுறை வந்தால் பல பிள்ளைகளுக்கு விளையாட்டு இல்லை. விடியும் முன்னே அப்பா அம்மாவோடு காட்டுக்குப் போவார்கள். மங்கு துடைப்பார்கள், ஒட்டுப்பால் பொறுக்குவார்கள், பால் சேகரிக்க உதவுவார்கள். அந்தப் பிள்ளை எவ்வளவு உழைத்தாலும் நிறுவையின்போது பால் ஏறுவது தகப்பன் பெயரிலோ தாய் பெயரிலோதான். பிள்ளை வேலை செய்தது என்பதற்கு எந்த ஏட்டிலும் சாட்சி இல்லை. வீட்டுக்கு ஒத்தாசை என்று அதற்குப் பெயர்.

இன்றைக்கு ஒரு பிள்ளை ஒரு பிஸ்கட் விளம்பரத்திற்காக ஒரே பிஸ்கட்டை முப்பது தடவை கடித்துச் சிரிக்கிறது. சூடான விளக்குகளின் கீழே நிற்கிறது. "இன்னொரு தடவை, கண்ணா!" என்று கேட்கும்போதெல்லாம் புதிதாகச் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பை வைத்து ஒரு நிறுவனம் பொருள் விற்கிறது. பிள்ளைக்கு அது வேடிக்கையாகவும் இருக்கலாம். வேடிக்கையாக இருப்பதால் அது வேலை இல்லாமல் போய்விடாது.

நம் நாட்டுச் சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. 1966-ஆம் ஆண்டின் சிறுவர், இளையோர் வேலைச் சட்டம் பிள்ளைகள் எந்தெந்த வேலையில் ஈடுபடலாம் என்று ஒரு பட்டியல் தருகிறது. குடும்பத்தார் நடத்தும் தொழிலில் இலகுவான வேலை அதில் ஒன்று. உரிமம் பெற்று, அதன் நிபந்தனைப்படி, பொதுக் கேளிக்கைத் துறையில் செய்யும் வேலை இன்னொன்று. குடும்பக் கடையில் உதவும் பிள்ளையும் கேமராவுக்கு முன் நிற்கும் பிள்ளையும் ஒரே பட்டியலில்தான் இருக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தச் சட்டத்தின்படி 15 வயது நிரம்பாதவர் சிறுவர். 15 வயதிலிருந்து 18 வயதுக்குள் இருப்பவர் இளையோர். சிறுவர்களுக்கான விதிகளில் பெற்றோர் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

ஒரு நாளில் 6 மணி நேரத்திற்கு மேல் வேலை கூடாது. தொடர்ந்து 3 மணி நேரம் வேலை செய்தால் குறைந்தது 30 நிமிடம் ஓய்வு தர வேண்டும். 7 நாளில் 6 நாளுக்கு மேல் வேலை கூடாது. ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்கும் முன் 14 மணி நேர இடைவெளி வேண்டும்.

பள்ளி செல்லும் பிள்ளை என்றால் பள்ளியில் இருந்த நேரமும் வேலை நேரமும் சேர்ந்து 7 மணியைத் தாண்டக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளியில் 6 மணி நேரம் இருந்துவிட்டு வரும் பிள்ளைக்கு அன்று மிஞ்சுவது ஒரே ஒரு மணி நேரம். ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு 200 கிலோமீட்டர். பள்ளி முடிந்து கோலாலம்பூருக்குப் படப்பிடிப்புக்கு ஓடுவது சட்டப்படியும் சரியாகாது, உடம்புக்கும் சரியாகாது. படப்பிடிப்பு என்பது வார இறுதிக்கும் பள்ளி விடுமுறைக்கும் உரியது.

இரவு 8 மணிக்கு மேல் காலை 7 மணி வரை சிறுவர்களை வேலை வாங்கக் கூடாது என்பது பொதுவான விதி. பொதுக் கேளிக்கைக்கு இந்த ஒன்றில் மட்டும் விலக்கு உண்டு. இதைக் காட்டி, "எங்களுக்கு நேரக் கட்டுப்பாடே கிடையாதும்மா" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 14 மணி நேர இடைவெளிக்கு விலக்கு இல்லை. இரவு 10 மணிக்கு முடிந்தால் மறுநாள் பகல் 12 மணிக்கு முன் அந்தப் பிள்ளையைக் கூப்பிடக் கூடாது.

உரிமம் பற்றிய சந்தேகங்களை மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் தொழிலாளர் துறையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். "உரிமம் எடுத்தாகிவிட்டதா? நகல் கிடைக்குமா?" என்று தயாரிப்பாளரிடம் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. ஒழுங்காகத் தொழில் செய்பவர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

முதல் படி வீட்டுக்குப் பக்கத்திலேயே

பிள்ளையை எங்கே தொடங்க வைப்பது? கோலாலம்பூரில் அல்ல. பள்ளியில்.

தமிழ்ப்பள்ளிகளில் கதை சொல்லும் போட்டி நடக்கிறது. பேச்சுப் போட்டி, கவிதை ஒப்புவித்தல், திருக்குறள் மனனம், நாடகம் எல்லாம் நடக்கின்றன. இவற்றுக்குக் கட்டணம் இல்லை. முன்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது குரல் நடுங்காமல் நிற்பது, மறந்துபோன வரியைச் சமாளித்து மேலே போவது, தன் முறை வரும்வரை அமைதியாகக் காத்திருப்பது ஆகிய மூன்றும் படப்பிடிப்புத் தளத்தில் தேவைப்படுபவை. காத்திருப்பதுதான் அதிகம் தேவைப்படும். பத்து விநாடிக் காட்சிக்கு நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டி வரலாம்.

ஈப்போவில் பிறந்து உலகப் புகழ் பெற்ற மிஷல் இயோவின் வாழ்க்கையை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 1962-இல் பிறந்த அவர் நான்கு வயதில் பாலே நடனம் கற்கத் தொடங்கினார். ஈப்போ கான்வென்ட் பள்ளியில் படித்தார். பிறகு இங்கிலாந்து சென்று நடனம் பயின்றார். முதுகெலும்பில் ஏற்பட்ட காயம் நடனக் கனவை நிறுத்தியது. 1983-இல் மிஸ் மலேசியா ஆனார். 1984-இல் ஜாக்கி சானோடு ஒரு தொலைக்காட்சி விளம்பரத்தில் தோன்றினார். அதன் பிறகுதான் சினிமா. 2023-இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருது. நான்கு வயதில் அவரை யாரும் கேமரா முன் நிறுத்தவில்லை. ஒரு கலையைக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தக் கலை தந்த உடல் கட்டுப்பாடுதான் பிற்காலத்தில் சண்டைக் காட்சிகளில் அவருக்குக் கைகொடுத்தது.

ஆகவே பரதமோ, சிலம்பமோ, மிருதங்கமோ, உறுமி மேளமோ, பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதைக் கற்றுக்கொடுங்கள். நடிப்பு வாய்ப்பு வந்தாலும் வராவிட்டாலும் அது பிள்ளைக்கு மிஞ்சும். தமிழைத் திருத்தமாகப் படிக்கவும் பேசவும் பழக்குங்கள். வசனத் தாளைக் கையில் கொடுத்தால் தடுமாறாமல் படிக்கிற பிள்ளைக்குப் பின்னணிக் குரல் வேலையும் கிடைக்கலாம். மலாய் மொழியும் ஆங்கிலமும் சரளமாக வந்தால் தமிழ் நிகழ்ச்சிகளைத் தாண்டியும் வாய்ப்பு உண்டு.

புகைப்படத்திற்குப் பெரிய செலவு வேண்டாம். பகல் வெளிச்சத்தில், வெறும் சுவருக்கு முன்னால், கைப்பேசியில் எடுத்த இரண்டு படங்கள் தொடக்கத்திற்குப் போதும். முகம் மட்டும் ஒன்று, முழு உருவம் ஒன்று. ஒரு நிமிடம் பேசும் காணொளி ஒன்று. பெயர், வயது, பிடித்த விளையாட்டு, ஒரு சின்னக் கதை. அரிதாரம் வேண்டாம், பெரியவர்கள் போல் உடுத்திவிட வேண்டாம். பள்ளிச் சீருடையிலும் வீட்டு முகவரி தெரியும்படியும் எடுக்கவே வேண்டாம்.

பணம் எந்தப் பக்கம் போகிறது?

இந்தத் துறையில் நல்ல முகவரையும் ஏமாற்றுக்காரரையும் பிரித்துக் காட்டும் ஓர் எளிய வழி இருக்கிறது. பணம் எந்தத் திசையில் நகர்கிறது என்று பாருங்கள்.

விளம்பர நிறுவனம் முகவருக்குப் பணம் தருகிறது. முகவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைப் பிள்ளைக்குத் தருகிறார். அதாவது பிள்ளைக்கு வேலை கிடைத்தால்தான் அவருக்கு வருமானம். முறையான தொழில் இப்படித்தான் நடக்கும். பதிவுக் கட்டணம், புகைப்படத் தொகுப்புக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று பணம் பெற்றோரிடமிருந்து முகவருக்குப் போகத் தொடங்கினால் நிலைமை தலைகீழாகிறது. அவருக்கு வேண்டிய வருமானம் பெற்றோரிடமிருந்தே வந்துவிட்டது. இனிமேல் பிள்ளைக்கு வாய்ப்புத் தேட அவருக்கு என்ன அவசரம்?

வணிக வளாகத்தில் யாரோ ஒருவர் வந்து, "உங்க பிள்ளைக்கு நல்ல முகவெட்டு, ஆயிரக்கணக்குல சம்பாதிக்கலாம், இன்னைக்கே பதிஞ்சா கழிவு உண்டு" என்று சொன்னால், அந்த 'இன்னைக்கே' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. உண்மையான வாய்ப்பு என்றால், பெற்றோர் வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வந்தாலும் அது அங்கேயே இருக்கும். நடிப்புப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுவதில் தவறில்லை. ஆனால் அது வகுப்பு. வகுப்புக்குக் கட்டிய பணம் வாய்ப்புக்குக் கட்டிய பணம் ஆகாது. இரண்டையும் ஒன்றாகக் கட்டித் தருபவரிடம் எச்சரிக்கை தேவை.

நிறுவனம் பதிவு பெற்றதா என்பதை மலேசிய நிறுவனங்கள் ஆணையமான எஸ்.எஸ்.எம்.-இல் சரிபார்க்கலாம். படத் தயாரிப்பு நிறுவனம் என்றால் ஃபினாஸ் உரிமம் இருக்கிறதா என்று கேட்கலாம். இதற்கு முன் எந்தெந்த விளம்பரத்தில், எந்தெந்த நாடகத்தில் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டிருக்கிறார்கள் என்று கேட்டு, அவற்றைத் தேடிப் பார்க்கலாம். அந்தப் பிள்ளைகளின் பெற்றோரோடு பேச முடியுமா என்றும் கேட்கலாம்.

செலவுக் கணக்கும் போட வேண்டும். நடிகர் தேர்வுக்காகக் கோலாலம்பூர் போய் வர பெட்ரோல், டோல், சாப்பாடு, அன்றைக்கு அப்பாவோ அம்மாவோ இழக்கும் சம்பளம். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தொழிற்சாலையில் நாள் கூலிக்கு வேலை செய்யும் குடும்பத்திற்கு மாதம் மூன்று பயணம் என்றால் அது பெரிய தொகை. பலர் முதல் சுற்றுக்குக் காணொளி அனுப்பினாலே ஏற்றுக்கொள்கிறார்கள். "முதல்ல வீடியோ அனுப்பலாமா?" என்று கேட்டுவிட்டுப் பிறகு காரை எடுங்கள்.

கையெழுத்துக்கு முன்

ஒப்பந்தம் நீட்டப்பட்டால் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். ஆங்கிலமோ மலாயோ சிரமம் என்றால் பள்ளி ஆசிரியரிடமோ தெரிந்த வழக்கறிஞரிடமோ காட்டுங்கள். இந்தக் கேள்விகளுக்கு அதில் பதில் இருக்க வேண்டும். எவ்வளவு பணம்? எப்போது கிடைக்கும்? முகவரின் பங்கு எவ்வளவு? பிள்ளையின் படத்தை எத்தனை காலம் பயன்படுத்துவார்கள்? தொலைக்காட்சியில் மட்டுமா, விளம்பரப் பலகையிலும் இணையத்திலுமா? மலேசியாவில் மட்டுமா, வெளிநாட்டிலுமா? படப்பிடிப்பு நீண்டால் கூடுதல் பணம் உண்டா?

"எல்லா ஊடகத்திலும், எக்காலத்திற்கும்" என்ற வரி இருந்தால் நிறுத்தி யோசியுங்கள். ஐந்து வயதில் எடுத்த படம் இருபது வயதிலும் எங்கோ ஒரு பொட்டலத்தின் மேல் இருக்கலாம். "இன்னும் ஐந்து ஆண்டுக்கு வேறு யாரிடமும் நடிக்கக் கூடாது" என்ற வரியும் அப்படியே.

1966-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு நல்ல பாதுகாப்பு இருக்கிறது. வேலை ஒப்பந்தத்தை மீறியதற்காகச் சிறுவரிடமிருந்தோ இளையோரிடமிருந்தோ நட்ட ஈடு வசூலிக்க முடியாது. பிள்ளை அழுதுகொண்டு நடிக்க மாட்டேன் என்று சொன்னால், அதற்காகப் பிள்ளையை நட்ட ஈட்டுக்கு இழுக்க முடியாது. ஆனால் பெற்றோர் தங்கள் சொந்தப் பெயரில் என்ன பொறுப்பை ஏற்றுக் கையெழுத்திடுகிறார்கள் என்பது வேறு விஷயம். அதனால்தான் படித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும்.

கண்ணுக்கு எட்டும் தூரத்தில்

படப்பிடிப்புத் தளத்தில் பெற்றோரின் இடம் எது? பிள்ளையின் கண்ணுக்கு எட்டும் தூரம். இயக்குநருக்குப் பின்னால் நின்று, "சிரிடா, அப்படி இல்ல, இப்படி" என்று சொல்லிக் கொடுப்பது பெற்றோரின் வேலை அல்ல. பிள்ளைக்குத் தண்ணீர் கிடைக்கிறதா, சாப்பாடு நேரத்திற்கு வருகிறதா, கழிவறை எங்கே, உடை மாற்றும் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. "பெற்றோர் உள்ளே வரக் கூடாது" என்று சொல்கிற நடிகர் தேர்வுக்குள் பிள்ளையும் போக வேண்டியதில்லை. இதில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வேறுபாடும் இல்லை.

நீச்சல் உடையிலோ உள்ளாடையிலோ படம் அனுப்பச் சொல்கிறவர், பிள்ளையோடு தனியாக வாட்ஸ்அப்பில் பேச விரும்புகிறவர், "அம்மாகிட்ட சொல்லாத, இது நமக்குள்ள இருக்கட்டும்" என்கிறவர் முகவர் அல்லர். 2017-ஆம் ஆண்டின் சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட அனைவரையும் காக்கிறது. பிள்ளையிடம் பழகி நம்பிக்கையைப் பெற்றுத் தவறான வழிக்கு இழுப்பதே அந்தச் சட்டத்தில் குற்றம். தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதும் குற்றம். காவல் நிலையத்தில் புகார் செய்யலாம். அரசாங்கத்தின் தாலியான் காசே 15999 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். "பேர் கெட்டுப் போகுமே" என்று மூடி மறைத்தால், தப்பித்தவர் அடுத்த பிள்ளையிடம் போவார்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை

இதைச் சொல்லாமல் விட முடியாது. நடிகர் தேர்வுக்குப் போகும் முன் பிள்ளையின் முகத்தில் பவுடரை அப்பி வெளுக்கச் செய்யும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. "கொஞ்சம் கலரா இருந்தா எடுத்திருப்பாங்க" என்று பிள்ளையின் காதில் விழும்படியே பேசுகிறோம். வாய்ப்புத் தராத ஊரார் சொன்னால் பிள்ளை மறந்துவிடலாம். பெற்ற தாய் சொன்னால் எப்படி மறக்கும்?

தமிழ்நாட்டில் எடுக்கப்பட்டு 2015-இல் திரையரங்குக்கு வந்த 'காக்கா முட்டை' படத்தை நினைத்துப் பாருங்கள். மணிகண்டன் இயக்கிய அந்தப் படத்தில் நடித்த இரண்டு பையன்களும் சென்னைக் காசிமேட்டுப் பகுதியைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய முகமும் பேச்சும் எப்படி இருந்தனவோ அப்படியே படத்திற்குத் தேவைப்பட்டன. சிறந்த குழந்தை நட்சத்திரங்களுக்கான இந்தியத் தேசிய விருது அந்த இருவருக்கும் கிடைத்தது. நம் நாட்டில் 2007-இல் பெட்ரோனாஸ் நிறுவனத்திற்காக யாஸ்மின் அமாட் எடுத்த தேசிய தின விளம்பரத்தில் ஓர் ஆரம்பப்பள்ளிச் சிறுவன் வெட்கத்தோடும் கள்ளமில்லாமலும் பேசியதுதான் எல்லார் மனத்தையும் தொட்டது. அடுத்த ஆண்டே கேன்ஸ் விளம்பர விழாவில் அதற்குத் தங்க விருது கிடைத்தது. பிள்ளை பிள்ளையாக இருந்ததற்குக் கிடைத்த பரிசு அது.

கூலி யார் பெயரில்?

கடைசியாகப் பணம். 1921-இல் சார்லி சாப்ளினோடு 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன் என்ற சிறுவன் அமெரிக்காவின் பெரிய நட்சத்திரமானான். கோடிக்கணக்கில் சம்பாதித்தான். வளர்ந்து பெரியவனான பிறகு பார்த்தால் பணம் இல்லை. 1938-இல் தன் தாய் மீதும் மாற்றாந்தந்தை மீதும் வழக்குப் போட்டான். கிடைத்தது 126,000 டாலர்தான். அந்த வழக்கின் விளைவாகக் கலிஃபோர்னியா 1939-இல் ஒரு சட்டம் செய்தது. இன்று அங்கே குழந்தை நடிகரின் வருமானத்தில் 15 விழுக்காடு பிள்ளை வளரும்வரை தொட முடியாத கணக்கில் போடப்படுகிறது. இந்தியாவில் 2017-இல் வந்த விதிகள் 20 விழுக்காட்டைப் பிள்ளையின் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடச் சொல்கின்றன. நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்றும் அவை சொல்கின்றன.

யாரும் கட்டாயப்படுத்தும்வரை நம் பெற்றோர் காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் பெயரில் பேங்க் சிம்பானான் நேஷனலில் ஒரு கணக்கு, அல்லது பி.டி.பி.டி.என். நடத்தும் எஸ்.எஸ்.பி.என். கல்விச் சேமிப்பு. முதல் சம்பளம் 200 வெள்ளியாக இருந்தாலும் அதில் போடுங்கள். பயணச் செலவை எடுத்துக்கொள்வதில் தவறில்லை. எடுத்த தொகையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பிள்ளை 18 வயதில் அந்தப் புத்தகத்தைப் புரட்டும்போது எதையும் விளக்க வேண்டிய நிலை வரக் கூடாது.

வேண்டாம் என்று சொல்லும் உரிமை

பத்துத் தேர்வுக்குப் போனால் ஒன்பதில் 'இல்லை' என்றுதான் பதில் வரும். பல நேரம் பதிலே வராது. அண்ணன் பாத்திரத்திற்கு எடுத்த பையன் உயரமாக இருப்பதால் தம்பியும் உயரமாக வேண்டும் என்பது போன்ற காரணங்கள் அவை. பிள்ளையின் திறமைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. "உன்னை எடுக்கல" என்று சொல்லாமல், "அந்தக் கதைக்கு வேற மாதிரி பிள்ளை தேவைப்பட்டுச்சு" என்று சொல்லுங்கள். வரும் வழியில் ஒரு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுங்கள். அந்தப் பயணம் பிள்ளைக்கு நல்ல நினைவாகவே இருக்கட்டும்.

மாதத்திற்கு ஒரு முறை பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து, "இன்னும் பிடிச்சிருக்கா?" என்று கேளுங்கள். "இன்னைக்கு வேணாம்மா" என்ற பதில் அடிக்கடி வந்தால் நிறுத்துங்கள். கணக்குப் பாடம் பின்தங்கினால் நிறுத்துங்கள். வீட்டில் இருக்கும் தம்பி தங்கைகள், "அக்காவைத்தான் எல்லாருக்கும் பிடிக்கும்" என்று பேசத் தொடங்கினாலும் சற்று நிறுத்துங்கள். பெற்றோர் தாங்கள் ஏறாத மேடையில் பிள்ளையை ஏற்றிப் பார்க்க ஆசைப்படுவது இயல்பு. ஆனால் அந்த ஆசையின் பாரத்தை ஏழு வயதுத் தோள் தாங்காது.

தோட்டத்தில் மங்கு துடைத்த பிள்ளைகளுக்கு ஓய்வு நேரம் கேட்கவும், கூலியைத் தனியாக எழுதி வைக்கவும், "போதும், பள்ளிக்கூடம் போ" என்று அனுப்பி வைக்கவும் அன்றைய பெற்றோருக்கு வசதி இருக்கவில்லை. வறுமை அப்படி. இன்றைய பெற்றோருக்கு அந்த வசதி இருக்கிறது. சட்டமும் துணைக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். பிள்ளையின் உழைப்பு பிள்ளையின் பெயரிலேயே ஏறட்டும்.